கோயில் குளிசை

எங்கள் வீட்டில் அதற்குக் கோயில் குளிசை என்று பெயர். உண்மையான பெயர் மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெண்கள் ஒருவருக்கும் தெரியாது. தெரியத் தேவையும் இருக்கவில்லை. திருவிழாவுக்குக் குளிசை வேண்டும் என்று சொன்னால் போதும். எத்தனை நாளுக்கு என்று மட்டும் கேட்பார். அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் கடதாசி உறையில் போட்டு, உறையின் மேல் காலை, மதியம், இரவு என்று மூன்று கோடு கீறித் தருவார். மாதவிடாய் வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கினால், குளிசையை நிறுத்தும்வரை அது வராது. நிறுத்திய இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் வரும்.

ஊர்க் கோயிலில் ஆறாம் திருவிழா எங்கள் குடும்பத்தின் உபயம். அன்றைய பூசை, மாலை, பொங்கல் எல்லாம் எங்கள் பொறுப்பு. அன்றைக்கு வீட்டுப் பெண் ஒருத்திக்குத் துடக்கு வந்தால் அவள் கோயில் வாசலையும் மிதிக்க முடியாது, அடுப்படிக்கும் போக முடியாது. ஆகவே கொடியேற்ற நாள் தெரிந்ததும் அம்மா கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு என்னிடம் வருவார். "உனக்கு எப்ப?" என்பார். என் உடம்பைப் பற்றி அம்மா கேட்டு வந்த ஒரே கேள்வி அதுதான். நான் நாட்குறிப்பைத் திறந்து திகதியைச் சொல்வேன். இரண்டும் முட்டினால் மருந்துக்கடைக்குப் போவேன்.

முதல் தடவை போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. இப்போது நாற்பத்து நான்கு. இடையில் ஒன்பது திருவிழாக்களுக்குப் போட்டிருக்கிறேன். எண்ணிக்கை சரியானது, ஏனென்றால் பதினேழு வயதிலிருந்து ஒரு நாளும் விடாமல் எழுதிவருகிறேன். எழும்பிய நேரம், படுத்த நேரம், மாதவிடாய் தொடங்கிய நாளும் மணியும், வீட்டுக்கு வந்தவர்கள், வந்த காரணம். என் வேலையும் அப்படிப்பட்டதுதான். ஒரு விவசாயப் பண்ணையின் அலுவலகத்தில் வானிலைப் பதிவு என் பொறுப்பு. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியின் நீரை அளவுகுழாயில் ஊற்றி, கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்து எழுதவேண்டும். இரண்டு தசம் நான்கு மில்லிமீற்றர் என்றால் இரண்டு தசம் நான்கு. இரண்டரை என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இனிச் சொல்லப்போகும் பிழையைச் செய்தவள் கவனமில்லாத பெண் அல்ல என்பது தெரியவேண்டும்.

முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு சாதகக் குறிப்புக் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதோடு இன்னொன்றும் நின்றுபோனது. என்னைப் பெண் என்று எண்ணுவதையே எல்லாரும் விட்டுவிட்டார்கள். நாற்பதைத் தாண்டியும் கடைகளில் நான் 'பிள்ளை'. கலியாண வீடுகளில் கட்டிய பெண்கள் அறைக்குள் இருந்து கதைத்துச் சிரிப்பார்கள். நான் நுழைந்ததும் கதை கறியின் உப்புப் புளிக்கு மாறிவிடும். கட்டாத பெண்ணுக்கு ஆசை இல்லை என்பது ஊரின் முடிவு. இருந்தால் அது ஒரு வருத்தம், அல்லது கெட்டுப்போன கதை. நல்ல சுகத்தோடு காலையில் எழும்பி, வேலைக்குப் போய், சனிக்கிழமைகளில் தனக்குப் பிடித்த ஓர் ஆணைச் சந்திக்கிற பெண்ணுக்கு ஊரில் ஒரு சொல் இல்லை. சொல் இல்லாததால் நான் இல்லாமல் போய்விடவில்லை.

அவரை என் நாற்பத்தோராம் வயதில் சந்தித்தேன். தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். நீரிறைக்கும் இயந்திரங்கள் திருத்துபவர். பண்ணையின் இயந்திரம் பழுதான ஒரு வைகாசியில் வந்தார். ஐந்து நாள் ஆகும் என்று சொன்ன வேலையை மூன்று நாளில் முடித்துவிட்டு, மீதி இரண்டு நாளும் வந்தார். மனைவி இறந்து ஏழு வருடம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஒரு தடவை கலியாணம் செய்வோமா என்று கேட்டார். எனக்கு என் வீடும் என் மேசையும் என் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும் என்றேன். தனக்கும் அப்படித்தான் என்றும், கேட்காமல் விட்டால் மரியாதையில்லை என்பதால் கேட்டதாகவும் சொன்னார். இருவரும் நன்றாகச் சிரித்தோம். சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போவேன், ஐந்து மணிக்குத் திரும்புவேன். அந்த மூன்று மணித்தியாலத்தைப் பற்றி எழுதும்போது நான் ஒருநாளும் பேனையை நிறுத்தி யோசித்ததில்லை. சந்தோசமாக இருந்தேன் என்றே எழுதியிருக்கிறேன்.

ஆணுறை வாங்குவது அவர் பொறுப்பு. தன் ஊர்க் கடையில் வாங்காமல் பருத்தித்துறைக்குப் போய் வாங்குவார். எனக்கு நாற்பத்திரண்டு வயதான வருடம், கொடியேற்றத்துக்கு நான்கு நாள் முந்திய சனிக்கிழமை, பார்த்தால் அது முடிந்திருந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாங்கிவரப் புறப்படப் பார்த்தார். நான்தான் மறித்தேன். அந்த வருடம் எனக்கு மாதவிடாய் முன்போல ஒழுங்காக வராததால், எதற்கும் முந்தியே தொடங்கு என்று அம்மா சொல்ல, இரண்டு நாளாகக் கோயில் குளிசை போட்டுக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்லை. நான் குளிசை போடுறன்" என்றேன்.

அவர் நம்பினார். நானும் நம்பினேன். மாதவிடாயையே நிறுத்துகிற குளிசை கரு தங்க விடாது என்பது என் நியாயம். குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையும் ஓமோன்தான், இதுவும் ஓமோன்தான் என்று எங்கோ கேட்டிருந்தேன். மழைமானியின் வாயில் ஓர் இலை கிடந்தாலும் குறிப்பில் எழுதுகிற நான், இருபத்துமூன்று வருடமாக என் வாயில் போட்ட குளிசையைப் பற்றி ஒரு வரியும் வாசித்ததில்லை. சாமிக்காகப் போடுகிற குளிசையை யார் சந்தேகப்படுவார்கள்?

திருவிழா முடிந்தது. ஆறாம் திருவிழாவுக்கு நான்தான் பொங்கினேன். தீர்த்தத்துக்கு மறுநாள் குளிசையை நிறுத்தினேன். இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. முந்திய எட்டுத் தடவைகளில் ஒருமுறைகூட மூன்றாம் நாளைத் தாண்டியதில்லை என்பதை நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்து உறுதிசெய்தேன். நான்காம் நாள் எழுதிய வரி இது: 'இல்லை. மழையும் இல்லை.'

பண்ணையில் என் பக்கத்து மேசையில் இருப்பவள் குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். முப்பத்தாறு வயது, என்னைப் போலவே கட்டாதவள். அப்பாவும் அண்ணைமாரும் கடற்றொழில். ஐந்தாம் நாள் மதியம் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்ததைக் கண்டு என்ன விசயம் என்று கேட்டாள். அவளிடம் எனக்கு ஒளிவு மறைவு இல்லை. சொன்னேன். அவள் மீன் துண்டைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"அதென்னக்கா கோயில் குளிசை?"

எனக்கு வியப்பாக இருந்தது. இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதைத் தெரியாத பெண் இருப்பாள் என்று நான் நினைத்ததில்லை. விளக்கினேன். கேட்டு முடித்ததும் தலையை ஆட்டினாள்.

"எங்கடை மாதா உதெல்லாம் கேக்கிறேல்லை. எப்ப வேணுமெண்டாலும் போகலாம். சரி, உது வாறதைத் தள்ளிப்போடுற குளிசை. பிள்ளை தங்காமல் பாக்கிற குளிசை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் அது எனக்குத் தெரிந்தது. ஒருநாளும் அந்தக் குளிசையைப் போட்டிராதவள் அரை நிமிடத்தில் கேட்ட கேள்வியை, எங்கள் ஒழுங்கையில் பிறந்து வளர்ந்த நான் கேட்கவே இல்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில் கொக்குவிலில், ரயில் கடவைக்குக் கிட்ட இருக்கும் மருந்துக்கடைக்குள் ஏறினேன். நான் வழக்கமாகக் குளிசை வாங்கும் கடை. நாலைந்து பேர் நின்றார்கள். என் முறை வந்ததும் கேட்டேன்.

"அண்ணை, அந்தக் கோயில் குளிசை வாற பெட்டிக்குள்ளை ஒரு கடதாசி இருக்கும். அதை ஒருக்காத் தாங்கோ."

"கடதாசியோ? இருபது வருசமா வாங்குறியள், இப்ப என்ன கடதாசி?"

"இருபத்துமூண்டு. வாசிக்கப் போறன்."

அவர் பெட்டியைத் தேடி எடுத்து, மடித்து மடித்துச் செருகியிருந்த மெல்லிய தாளை நீட்டினார். ஆங்கிலம், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி அலுமாரியில் சாய்ந்து நின்று முழுவதையும் வாசித்தேன். பத்து நிமிடம் எடுத்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் தெளிவாக இருந்தது: இந்தக் குளிசையை இப்படிப் போடுவது கர்ப்பத்தைத் தடுக்காது, அதற்கு வேறு வழி பார்க்கவேண்டும்.

விரலை அந்த வரியில் வைத்து அவரிடம் காட்டினேன். இது உண்மைதானா என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "ஓம் பிள்ளை, அதுக்கு வேறை குளிசை. ஆனா உங்களுக்கு உந்த விசயங்கள் என்னத்துக்கு? நீங்கள் கோயிலுக்குத்தானே எடுக்கிறனீங்கள்."

"கோயிலுக்கும் எடுத்தன். மற்றதுக்கும் போதும் எண்டு நினைச்சுப்போட்டன்."

நான் குரலைத் தாழ்த்தவில்லை. திட்டமிட்டுச் செய்ததல்ல. இருபத்துமூன்று வருடம் அந்த அலுமாரியின் முன் சத்தமாகக் கேட்டுப் பழகிய வாய், அவ்வளவுதான். கர்ப்பம் பார்க்கும் பட்டியும் ஒன்று வேண்டும் என்று அதே குரலில் கேட்டேன். அவர் அதைத் தாளில் சுற்றத் தொடங்கினார். சுற்றத் தேவையில்லை என்றேன்.

அப்போது எனக்குப் பின்னால் நின்ற பெண் ஓர் அடி முன்னே வந்தாள். இருபத்தெட்டு, முப்பது இருக்கும். கழுத்தில் தாலி இல்லை, தோளில் அலுவலகப் பை. மருந்துக்கடைக்காரரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, அப்ப அது தடுக்காதோ?"

தாளை அவளிடம் கொடுத்து அந்த வரியைக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தரவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கடையை விட்டு இறங்கும்போது எனக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. நான் மட்டும் முட்டாள் இல்லை என்ற ஆறுதல் மட்டுமல்ல அது. பிழை என்னுடையது என்றாலும், அது விளைந்த இடம் என் தலை அல்ல என்று அறிந்த நிமிர்வு.

மறுநாள் காலை பட்டியில் ஒரு கோடுதான் வந்தது. எட்டாம் நாள் மாதவிடாயும் வந்தது. வயதின் குழப்பம்தான் காரணமாக இருக்கவேண்டும். சனிக்கிழமை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தானும் கேட்டிருக்கவேண்டும் என்றார். இனிப் பருத்தித்துறையில் மொத்தமாக வாங்கி வைப்பதாகவும் சொன்னார். வாங்கி வையுங்கள், ஆனால் எனக்கு என் கையில் ஒன்று இருக்கவேண்டும் என்றேன். ஒருவர் மறந்தால் மற்றவர் நடுங்குகிற ஏற்பாடு எனக்குச் சரிவராது.

எங்கள் பகுதிக் கிளினிக்கில் கர்ப்பத்தடைக்கு வேண்டியதைக் கொடுக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கட்டியவர்களுக்கு. குருநகர்த் தோழி ஆறு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கர்ப்பத்தடை ஊசி போடுகிறாள் என்பதை அந்தக் கிழமைதான் என்னிடம் சொன்னாள். வேறு பகுதிக் கிளினிக்குக்குப் போகிறாள், திருமதி என்று பதிந்து, விரலில் மோதிரத்தோடு.

"மோதிரம் பெரியக்கான்ரை. அவ உடம்பு வைச்சபிறகு விரலுக்குள்ளை போகேல்லை. உங்களுக்குக் கொஞ்சம் பெருக்கும். உள்ளுக்கு நூல் சுத்தினால் சரி."

அவளுடைய தேவாலயத்துப் பாதருக்குத் தெரிந்தால் அவள் என்ன சொல்வாள் என்று கேட்டேன். "பாதர் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுவன். கேக்காததைச் சொல்லி அவற்றை நேரத்தை வீணாக்கிறேல்லை" என்றாள்.

மோதிரத்தை வெள்ளை நூல் சுற்றிக் கொண்டுவந்தாள். போட்டுப் பார்த்தேன். திருமதி மாதிரித்தான் இருக்கிறது என்று தள்ளி நின்று பார்த்துச் சொன்னாள். மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை விரலில் இருந்தது. அந்த இரண்டரை மணித்தியாலமும் நான் எழுதிய எண்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. மூன்று மணிக்குக் கழற்றி அவள் மேசையில் வைத்தேன்.

காரணத்தை அன்றைக்கே எழுதினேன். இருபத்துமூன்று வருடம் கோயிலைச் சொல்லிக் குளிசை வாங்கினேன். அதை யாரும் தடுக்கவில்லை. என் உடம்பில் என்ன செய்கிறது என்றும் கேட்கவில்லை. இனிப் புருசனைச் சொல்லி இன்னொன்று வாங்கினால், சொல்லும் ஆள்தான் மாறும். எனக்கு வேண்டியது எனக்காக என்று சொல்லிக் கேட்கவேண்டும். தரமாட்டோம் என்றால், தரமாட்டோம் என்பதையாவது என் சொந்தப் பெயருக்குச் சொல்லட்டும்.

தோழிக்கு அது பிடிக்கவில்லை. "நீங்கள் உண்மையைச் சொல்லி அவை இல்லையெண்டால், ஊருக்குள்ளை உங்களுக்கும் பேர், நாளைக்கு என்னைப் போலை போறவையளையும் நோண்டுவினம்" என்றாள். அவள் சொன்னது நியாயம். அன்றிரவு எனக்கு நித்திரை குறைவு, நாலரை மணித்தியாலம்.

அடுத்த மாதவிடாயின் மூன்றாம் நாள் கிளினிக்குக்குப் போனேன். எங்கள் பகுதிக் குடும்பநல மாது பன்னிரண்டு வருடமாக ஸ்கூட்டியில் எங்கள் ஒழுங்கையால் போய்வருகிறவர். ஒருநாளும் எங்கள் வாசல் படலையில் நின்றதில்லை. நிற்கக் காரணமில்லை. அவருடைய புத்தகத்தில் பிள்ளை பெறும் வயதில் உள்ள மணமான பெண்களின் வீடுகள்தான் இருக்கும். அம்மாவுக்கு வயது கடந்துவிட்டது, எனக்குக் கலியாணம் வரவில்லை. ஆகவே அந்தப் புத்தகத்தின்படி எங்கள் வீட்டில் பெண்களே இல்லை.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து யாரைக் கூட்டிவந்தேன் என்று கேட்டார்.

"ஒருத்தரையும் இல்லை. எனக்குத்தான். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு."

பேனையைக் கீழே வைத்தார். "கலியாணம் முடிஞ்சுதோ? எனக்கொருத்தரும் சொல்லேல்லையே."

"இல்லை, முடியேல்லை."

"அப்ப?"

"அப்பவும் வேணும்."

அவர் கெட்டவரில்லை. படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். பெயர், வயது, விலாசம். 'கணவரின் பெயர்' என்ற இடத்தில் பேனை நின்றது. என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"வெறுமையா விடேலாது. ஆற்றையெண்டாலும் பேரைப் போடட்டோ? அப்பான்ரை பேரை?"

"அப்பாவை உதுக்குள்ளை இழுக்காதையுங்கோ அக்கா. கோடு போடுங்கோ."

கோடு போட்டார். கொஞ்சம் வளைந்த கோடு. படிவத்தை எடுத்துக்கொண்டு திரைக்கு அப்பால் டொக்டரிடம் போனார். நான் சுவரோரம் கிடந்த நீள வாங்கில் போய் உட்கார்ந்தேன். என் இருபுறமும் வயிற்றோடு இருந்த பெண்கள், நிறுக்கக் கொண்டுவந்த குழந்தைகள். எதிர் வாங்கில் எங்கள் ஒழுங்கையின் முதல் வீட்டுப் பெண், மடியில் மூன்று மாதக் குழந்தையோடு. திரை பாதிதான் மூடியிருந்தது. உள்ளே கதைப்பது நன்றாகக் கேட்டது.

"கலியாணம் கட்டேல்லையாம் டொக்டர்."

"அவ கலியாணமோ கேட்டவ?"

"இல்லை."

"அப்ப கேட்டதைக் குடுப்பம். கூப்பிடுங்கோ."

குடும்பநல மாது வெளியே வந்தார். அவர் கூப்பிடும் முறை எனக்கு அதற்குள் பழகிவிட்டது: திருமதி என்று நீட்டித் தொடங்கி, பெயரைச் சொல்வார். படிவத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார். மீண்டும் திறந்து, முன்பைவிடச் சத்தமாக, "செல்வி" என்று தொடங்கி என் முழுப் பெயரையும் சொன்னார்.

வாங்குகளில் இருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. குடும்பக் கட்டுப்பாட்டு அறைக்கு 'செல்வி' என்று ஒருத்தியைக் கூப்பிட்டு அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். முதல் வீட்டுப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழும்பினேன். வாங்கிலிருந்து திரைவரை பதினோர் அடி. அவ்வளவு நிமிர்ந்து நான் எந்த மேடைக்கும் நடந்ததில்லை.

டொக்டர் என்னைவிட இளையவர். களைத்த முகம், நேரான பேச்சு. இரத்த அழுத்தம் பார்த்தார். கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டார். நேற்று முன்தினம் காலை ஆறு இருபது என்றேன். அதற்கு முந்தியது? சொன்னேன். அதற்கும் முந்தியது? சொன்னேன்.

"எத்தினை மாதத்துக்குச் சொல்லுவியள்?"

"இருபத்தஞ்சு வருசத்துக்கு."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கையின் தோலுக்கடியில் வைக்கும் இரண்டு மெல்லிய குச்சிகளை நான் தெரிவு செய்தேன். ஐந்து வருடம் வேலை செய்யும். நோய்கள் தொற்றாமல் பார்க்க ஆணுறையும் வேண்டும் என்றார். சிலருக்கு மாதவிடாய் நாள் தவறி, நினைத்த நேரத்தில் வரும் என்றும் சொன்னார். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே துக்கம் அதுதான். இருபத்தைந்து வருட ஒழுங்கு. ஐந்து விநாடி யோசித்தேன். சரி என்றேன்.

விறைப்பூசி போட்டது பத்து நாற்பத்திரண்டுக்கு. துணி சுற்றி முடித்தது பத்து ஐம்பத்தொன்றுக்கு. நோவு, நெருஞ்சி முள் குத்திய அளவு.

வெளியே வந்தபோது குடும்பநல மாது தன் பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். என்னை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை என்றார். வீடுகளின் வரிசையில் எனக்கு இடமில்லை. பிறகு தானாகவே அடிமட்டத்தை எடுத்து, கடைசிக் குடும்பத்துக்குக் கீழே பக்கத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை கோடு கீறினார். இந்தத் தடவை நேரான கோடு. அதன் கீழ், இலக்கம் ஒன்று என்று போட்டு என் பெயரை எழுதினார். மாதம் ஒருமுறை பார்க்க வருவதாகவும், இனி எங்கள் படலையிலும் நின்று கூப்பிடுவதாகவும் சொன்னார்.

தோழியிடம் மறுநாள் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். செல்வி என்ற இடத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னாள். அதன் பிறகு அவளுடைய ஊசிக்கான நாள் வந்தபோது பழைய இடத்துக்குப் போகவில்லை. எங்கள் கிளினிக்குக்கு என்னோடு வந்தாள், வெறும் விரலோடு. குருநகர் தங்களுடைய பகுதி இல்லையே என்று சொல்லிச் சொல்லியே குடும்பநல மாது அவளை இலக்கம் இரண்டாக எழுதினார். இதை எழுதும்போது அந்தக் கோட்டுக்குக் கீழே ஏழு பேர். மற்ற ஐவரும் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை.

ஆனால் கிளினிக்கிலிருந்து வந்த அன்று எனக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. குடும்பநல மாது படலையில் நின்று கூப்பிடுவதற்கு முன் அம்மாவுக்கு நான் சொல்லவேண்டும். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. குசினி வாசலில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். கையில் சுற்றியிருந்த துணியைக் கண்டு இரத்தம் கொடுத்தாயா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, உடுப்பு மாற்றாமல் அப்படியே நின்று, என்ன வைத்தேன், ஏன் வைத்தேன், யாரோடு என்பதைச் சொன்னேன். நான்கு வசனம். அம்மா இலையை ஆய்ந்து முடித்தார். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் கதைக்கவில்லை. சாப்பாடு மேசையில் மூடியிருந்தது. தேத்தண்ணி மூடியிருந்தது. மூடிகளின் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கூட. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பிழை செய்ததாகிவிடும்.

மூன்றாம் நாள் காலை, ஒட்டியிருந்த பிளாஸ்டரை ஒரு கையால் உரிக்க முடியாமல் நான் கண்ணாடிக்கு முன் நின்றபோது அம்மா வந்தார்.

"கையை நீட்டு."

நுனியைப் பிடித்து மெதுவாக உரித்தார். உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சனிக்கிழமையிலை எங்கை போறாய் எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் கேக்கேல்லை எண்டு யோசிச்சனியோ?"

"இல்லை."

"கேட்டால் நீ சொல்லிப்போடுவாய்."

பிளாஸ்டர் முழுவதும் வந்துவிட்டது. உள்ளே சின்னக் கீறல், பக்கத்தில் மஞ்சள் நிறமாய்க் கன்றிய தோல். அம்மா ஒரு விரலை அதன் மேல் வைத்தார். முதலில் தொட்டும் தொடாமலும். பிறகு கொஞ்சம் அழுத்தி.

"உதுக்குள்ளையோ இருக்கு?"

"ஓம். ரெண்டு."

விரல் மெல்ல நகர்ந்தது. ஒன்றைக் கண்டுபிடித்தது, பிறகு மற்றதை. "ஓம், ரெண்டு" என்றார். கையை எடுக்கவில்லை.

"உன்ரை அண்ணைக்கும் உனக்கும் பிறகு நாலு தரம் எனக்குக் கரு நிண்டு கலைஞ்சது. அது உனக்குத் தெரியாது. கொப்பர் நல்ல மனிசன், நான் அவரைக் குறை சொல்லேல்லை. ஆனா ஒவ்வொரு மாதமும் நான் நாளெண்ணி நாளெண்ணிச் செத்தனான். ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? தாலி கட்டினவளுக்கே கேக்க வாய் வரேல்லை."

தோட்டத்துப் பக்கம் யாரோ நீரிறைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எத்தினை வருசத்துக்கு?"

"அஞ்சு."

"அஞ்சு வருசமும் பயமில்லை?"

"பயமில்லை."

அம்மா இன்னொருமுறை அந்த இரண்டு குச்சிகளின் மேலும் விரலை ஓட்டினார், தைத்து முடித்த தையலைச் சரிபார்ப்பது போல. "நேராத்தான் வைச்சிருக்கினம்" என்றார். பிறகு பிளாஸ்டரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, தேத்தண்ணி ஆறுகிறது, வா என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார்.